'ழ' ஏன் உள்ளே போகவில்லை?

பழைய டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கவாட்டு சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டிக்கொண்டே இருப்பார். பஸ் என்னவோ நேராகத்தான் போகும். ஸ்டீயரிங் திரும்பும், ஆனால் சக்கரத்துக்குச் செய்தி போய்ச் சேராது. கொஞ்சம் வெறுமனே சுற்றிய பிறகுதான் பிடிக்கும்.

அந்த வெற்றுச் சுற்றுக்கு எங்கள் கோவை லேத் பட்டறைகளில் 'ப்ளே' என்று பெயர். இன்ஜினீயரிங் புத்தகத்தில் 'பேக்லாஷ்' என்று இருக்கும். பஸ்ஸில் இது விரற்கடை அளவு. எங்கள் வீட்டு மேஜை மேல் இருக்கும் ஒரு சின்ன இயந்திரத்தில் இது நாலைந்து தலைமுடியை அடுக்கி வைத்த கனம்தான் இருந்தது. அந்தத் தலைமுடிக் கனம் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தியைத் தன் விரல்களையே சந்தேகப்பட வைத்தது.

அந்த இயந்திரத்தின் பெயர் சி.என்.சி. கம்ப்யூட்டரில் ஒரு படம் வரைந்து கொடுத்தால், சுழலும் பிட் ஒன்று அந்தப் படத்தின் கோட்டிலேயே போய் மரத்தை அறுத்துக் கொடுக்கும். தொழிற்சாலைகளில் அறை அளவுக்கு நிற்பதன் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பொழுதுபோக்குக்காக வாங்குபவர்கள் '3018' என்பார்கள். 30 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர் பலகை வைக்கலாம் என்று அர்த்தம். பகலில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதும் எனக்கு, இரவில் அரை மணி நேரம் மரத்தூள் வாசம் பிடிக்கும். வாசல் பெயர்ப்பலகை, கோலப் பலகை என்று செய்துகொண்டிருந்தேன்.

'நீங்க எழுதுற எழுத்து எப்படி இருக்கும்?'

என் அக்கா மகளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை மிகக் குறைவு. வெளிச்சம், இருட்டு தெரியும். எழுத்து தெரியாது. பள்ளியில் பிரெய்ல் படிக்கிறாள். ஆறு புள்ளிகளை விரலால் தடவி, கதைப் புத்தகத்தை நான் படிப்பதைவிட வேகமாகப் படித்துவிடுவாள்.

போன கோடை விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒருநாள் கேட்டாள். "சித்தி, என் பேரை நீங்க எழுதினா எப்படி இருக்கும்? புள்ளியில இல்ல. நீங்க எழுதுற எழுத்துல."

அவள் பெயரில் ஒரு 'ழ' உண்டு. உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினேன். "கூச்சமா இருக்கு, புரியல" என்று சிரித்தாள்.

அப்போது தோன்றியதுதான் எழுத்துப் பலகை. 'க' முதல் 'ன' வரை 18 எழுத்துகள். ஒவ்வொன்றும் 40 மி.மீ. உயரத்தில், 6 மி.மீ. கனமுள்ள எம்.டி.எஃப். பலகையில் தனித்தனியாக அறுத்தது. அடியில் இன்னொரு பலகையில், அந்தந்த எழுத்தின் வடிவிலேயே பள்ளம். எழுத்தைத் தடவிப் பார்த்து, அதற்கான பள்ளத்தைத் தேடி, உள்ளே இறக்க வேண்டும். எழுத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே சுற்றிலும் 0.15 மி.மீ. இடைவெளி விட்டு வரைந்தேன். இறுக்கமும் கூடாது, லொடலொட என்று ஆடவும் கூடாது.

முதல் பலகை தயாரானதும் அவள் மடியில் வைத்தேன். 'ட' எடுத்தாள். இறங்கியது. 'ப' எடுத்தாள். இறங்கியது. பிறகு 'ழ'. மெதுவாகத் தடவினாள். வளைவு, சுழி, கீழே இறங்கும் வால். சரியான பள்ளத்துக்கே கொண்டுபோய் வைத்தாள். போகவில்லை. அழுத்தினாள். போகவில்லை. எடுத்து 'ள' பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். 'ற' பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். கடைசியில் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் தப்பா எடுத்துட்டேனா சித்தி?"

கண் தெரியும் குழந்தையாக இருந்தால், 'எழுத்து சரிதான், எங்கோ முட்டுகிறது' என்று பார்த்தே கண்டுபிடித்து ஓங்கித் தட்டியிருக்கும். இவளுக்கு அந்தப் பலகையில் பதில் சொல்வது ஒன்றே ஒன்றுதான். உள்ளே போனால் சரி, போகாவிட்டால் தவறு. சரியாகப் படித்த குழந்தையிடம் பலகை 'தவறு' என்று சொல்லிவிட்டது.

நம்பரா, நட்டா?

பக்கத்து வீட்டு இன்ஜினீயரிங் மாணவர் வந்து 'ழ' எழுத்தின் அகலத்தை அளந்தார். 40 மி.மீ. வர வேண்டியது 39.7 இருந்தது. "சிம்பிள் ஆன்ட்டி. மெஷின்ல 800-ன்னு ஒரு நம்பர் இருக்கும். அதை 806 ஆக்கிட்டா சரியாயிடும்" என்றார்.

அவர் சொன்ன 800 என்ன என்று சொல்லிவிடுகிறேன். இந்த இயந்திரத்தின் மோட்டார் தடதடவென்று சுற்றுவதில்லை. படிப்படியாக நகரும். ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள். அதை ஓட்டும் சின்ன எலெக்ட்ரானிக் சர்க்யூட் ஒவ்வொரு படியையும் 16 ஆக நறுக்குகிறது. ஆக ஒரு சுற்றுக்கு 3,200 நுண்படிகள். மோட்டாரோடு சேர்ந்து ஒரு நீளமான மரையாணி சுற்றும். ஒரு சுற்றுக்கு அது 4 மி.மீ. நகர்த்தும். 3,200-ஐ 4-ஆல் வகுத்தால் 800. ஒரு மி.மீ. நகர 800 நுண்படி. கணக்கு எழுதுகிறவளுக்கு இந்தக் கணக்கு பிடித்துப் போயிற்று.

நம்பரை மாற்ற நான் கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள் மாமா உள்ளே வந்தார். என் மாமனார். பம்ப் செட் பாகங்கள் கடையும் பட்டறைகளில் 38 வருஷம் லேத் ஓட்டியவர். கம்ப்யூட்டர் பக்கமே வர மாட்டார். "அது உம்பட வேலை அம்மிணி" என்று ஒதுங்கிவிடுவார். அன்று மட்டும் அந்த 'ழ'வைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"நம்பரைத் தொடாத அம்மிணி. மொதல்ல ரெண்டு சதுரம் வெட்டு. ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு."

20 மி.மீ. சதுரம் ஒன்று, 100 மி.மீ. சதுரம் ஒன்று வெட்டினேன். வெர்னியர் காலிப்பரில் அளந்தோம். இடமிருந்து வலமாக, அதாவது எக்ஸ் திசையில், சின்னது 19.7. பெரியது 99.7. முன்பின்னாக, ஒய் திசையில், இரண்டுமே 0.1 மட்டும் குறைவு.

"பாத்தியா? சின்னதுலயும் அதே கொறவு, பெருசுலயும் அதே. நம்பர் தப்பா இருந்தா பெருசுல அஞ்சு மடங்கு தப்பு வந்திருக்கோணும். நம்பரு பொய் சொல்லல. நட்டுதான் சோம்பேறி."

இந்த இரண்டு சதுர வித்தையை இந்த மாதிரி இயந்திரம் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நீளம் கூடக்கூடத் தவறும் கூடினால், அது நம்பர் நோய். நீளம் எதுவானாலும் தவறு ஒரே அளவில் நின்றால், நம்பரைக் குற்றம் சொல்ல முடியாது. பிட் தேய்ந்து மெலிந்திருந்தாலும் இப்படி மாறாத தவறு வரும். ஆனால் அது எக்ஸ், ஒய் இரண்டு திசையிலும் ஒரே அளவு இருக்கும். எங்களுக்கு ஒன்றில் 0.3, ஒன்றில் 0.1. அது ப்ளேயின் கையெழுத்து.

அந்த மாணவர் சொன்னபடி 806 ஆக்கியிருந்தால் 40 மி.மீ. எழுத்து சரியாக வந்திருக்கும். 100 மி.மீ. சதுரம் 100.45 ஆகியிருக்கும். ஒரு நோய்க்கு இன்னொரு நோயின் மாத்திரை.

மரப்பெட்டிக்குள் இருந்த முள்

மாமா பீரோவிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்து வந்தார். பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் தீபாவளி போனஸ் பணத்தில் வாங்கிய டயல் கேஜ். கடிகாரம் மாதிரி ஒரு முகம். அடியில் உள்ளே போய் வரும் ஒரு சின்னக் கம்பி. கம்பி 1 மி.மீ. நகர்ந்தால் முள் ஒரு முழுச் சுற்று சுற்றும். முகத்தில் 100 கோடு. ஒரு கோட்டுக்கு 0.01 மி.மீ.

அதை நிறுத்தும் காந்த ஸ்டாண்டு எங்கள் இயந்திரத்தின் அலுமினியச் சட்டத்தில் ஒட்டவில்லை. மாமா தோட்டத்திலிருந்து ஒரு இரும்புத் தகட்டைக் கொண்டுவந்து போட்டு, கிளாம்ப் வைத்து முறுக்கி, அதன் மேல் நிறுத்தினார். கம்பியின் நுனி பிட் பிடித்திருக்கும் பாகத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"இப்ப வலது பக்கம் 1 மி.மீ. போகச் சொல்லு."

முள் நகர்ந்தது. அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிப் பூஜ்யம் வைத்தார். மறுபடி வலது பக்கம் 1 மி.மீ. முள் சரியாக ஒரு சுற்று சுற்றிப் பூஜ்யத்தில் நின்றது. அதே திசையில் எத்தனை முறை போனாலும் துல்லியம். நம்பர் சரி என்பதற்கு இது இரண்டாவது சாட்சி.

"இப்ப இடது பக்கம். 0.1, 0.1-ஆ போ."

முதல் 0.1. மோட்டார் 'டிக்' என்றது. முள் அசையவில்லை. இரண்டாவது 0.1. அசையவில்லை. மூன்றாவது. அசையவில்லை. நான்காவதுக்குத்தான் முள் துள்ளி, ஒன்பது கோடு நகர்ந்தது. நாங்கள் போகச் சொன்னது 0.40. போனது 0.09. நடுவில் காணாமல் போனது 0.31.

கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் சரியாகத்தான் காட்டியது. மோட்டார் சுற்றியது, மரையாணியும் சுற்றியது. ஆனால் மரையாணியின் பல் நட்டின் பல்லை விட்டு விலகி, அடுத்த பக்கம் போய்த் தொடும் வரை ஒன்றும் நகரவில்லை. பஸ் ஸ்டீயரிங்தான்.

"ப்ளேயே இல்லாம நட்டு செய்ய முடியாதுங்களா மாமா?"

"ப்ளே இல்லாத நட்டு சுத்தாது அம்மிணி. எண்ணெய் நிக்க எடம் வேணும். சூட்டுல வீங்குனா எடம் வேணும். இருக்கறதுதான். எவ்வளவு இருக்குதுன்னு தெரிஞ்சு ஓட்டோணும்."

லேத்தில் அதற்கு ஒரு பழக்கம் உண்டாம். கைப்பிடியைத் திருப்பிக் கோட்டுக்கு வரும்போது கொஞ்சம் தாண்டிவிட்டால், அப்படியே கொஞ்சம் பின்னால் இழுக்கக் கூடாது. ஒரு முழுச் சுற்று பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து கோட்டைத் தொட வேண்டும். எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்தால் ப்ளே உங்களை ஏமாற்றாது.

'ட' மட்டும் எப்படிப் போயிற்று?

இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. ப்ளே எல்லா எழுத்துக்கும் பொதுதானே? 'ட'வும் 'ப'வும் ஏன் முதல் நாளே இறங்கின?

காகிதத்தில் வரைந்து பார்த்தபோது விளங்கியது. 'ட'வும் 'ப'வும் நான் வரைந்திருந்த விதத்தில் முழுக்க நேர்கோடுகள். எழுத்து 0.3 குறைந்தால் பள்ளமும் அதே 0.3 குறையும். இரண்டும் சேர்ந்தே இளைத்துவிடுவதால் பொருந்திவிடும்.

வளைந்த எழுத்து அப்படி இல்லை. வளைவில் பிட் போகும்போது ஒரு கட்டத்தில் திசை திரும்பியாக வேண்டும். வலது ஓரம் போய்த் திரும்பும் இடத்தில் ப்ளேயின் அளவுக்கு எக்ஸ் நகராது, ஒய் மட்டும் நகரும். வட்டம் வெட்டினால் இடது, வலது, மேல், கீழ் என நான்கு இடத்தில் சின்னதாகத் தட்டையாகும். தவிர, என் மென்பொருள் எழுத்தைக் கடிகாரச் சுற்றிலும், பள்ளத்தை எதிர்ச் சுற்றிலும் வெட்டிக்கொண்டிருந்தது. பிட்டின் பல் மரத்தில் ஒரே விதமாகப் பதிய வேண்டும் என்பதற்காக அப்படி ஒரு வழக்கம். சுற்று மாறினால் தட்டை விழும் பக்கமும் மாறும். ஆகவே எழுத்து ஒரு பக்கமாகக் கொஞ்சம் திருகியது போலவும், பள்ளம் மறுபக்கமாகத் திருகியது போலவும் வந்தன. கண்ணுக்குத் தெரியாது. நான் விட்டிருந்த 0.15 இடைவெளியை விழுங்க அது போதும்.

மூன்று வைத்தியம்

முதலில் மாமா எல்லா ஸ்க்ரூவையும் முறுக்கிப் பார்த்தார். மோட்டாரையும் மரையாணியையும் இணைக்கும் கப்ளிங்கில் ஒரு குட்டி ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. அதை முறுக்கியதும் 0.31 என்பது 0.22 ஆயிற்று. பைசா செலவில்லை.

அடுத்தது நட்டு. ஸ்பிரிங் வைத்த பித்தளை நட்டு கிடைக்கிறது. இரண்டு துண்டு, நடுவில் ஸ்பிரிங். ஒரு துண்டு மரையின் ஒரு பக்கத்தையும், மற்றது மறுபக்கத்தையும் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். திசை மாறினாலும் விலக இடமில்லை. மாட்டியதும் எக்ஸில் 0.03 ஆயிற்று. ஒய்க்கும் ஒன்று மாட்டினோம்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங்கை அதிகம் இறுக்கினால் சின்ன மோட்டாரால் சுற்ற முடியாமல் படிகளைத் தவறவிடும். அது ப்ளேயைவிடப் பெரிய தொல்லை. ப்ளே ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பொய் சொல்லும். படி தவறினால் எவ்வளவு என்றே தெரியாது. அதனால் 20 முறை வேகமாக இடமும் வலமும் ஓட்டி, பழைய இடத்துக்கே முள் வந்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே மாமா கையைத் துடைத்தார்.

மூன்றாவது என் வேலை. கடைசியாக மெல்லிசாகச் சீவும் சுற்றை மட்டும், எழுத்துக்கும் பள்ளத்துக்கும் ஒரே சுற்றுத் திசையாக மாற்றினேன். மிச்சமிருக்கும் ப்ளே இரண்டிலும் ஒரே பக்கம் விழுந்துவிடும்.

ப்ளேயைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சரிசெய்யாதா என்று கேட்கலாம். லினக்ஸ் சி.என்.சி., மாக்-3 போன்ற மென்பொருள்களில் அந்த வசதி உண்டு. திசை மாறும்போது காணாமல் போகும் தூரத்தைக் கூடுதலாகச் சுற்றிக்கொடுக்கும். என் இயந்திரத்தில் இருக்கும் ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச மென்பொருளில் அது கிடையாது. இருந்தாலும், மரத்தை அறுக்கும்போது பிட்டை மரம் இழுக்கும். தளர்ந்த நட்டுக்கு அந்த இழுப்பைத் தாங்கப் பிடிமானம் இருக்காது. எவ்வளவு குறைகிறது என்று கணக்கால் சொல்ல முடியும், கெட்டியாகப் பிடித்துக்கொள்ள நட்டால்தான் முடியும்.

'இது போகாது, இது ல'

அரையாண்டு விடுமுறைக்கு அவள் வந்தபோது புதுப் பலகையைக் கொடுத்தேன். என்ன சரிசெய்தோம் என்று யாரும் சொல்லவில்லை. மாமா செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கமும் திரும்பவில்லை.

அவள் நேராக 'ழ'வைத்தான் தேடினாள். தடவினாள். பள்ளத்தைத் தடவினாள். வைத்தாள். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். விரல் நுனியால் மேலே தடவி, எழுத்தும் பலகையும் ஒரே மட்டமாக இருப்பதை இரண்டு முறை பார்த்துக்கொண்டாள்.

பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. 'ழ'வை வெளியே எடுத்துவிட்டு, வேண்டுமென்றே 'ல'வை அந்தப் பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். போகவில்லை. இன்னும் அழுத்தினாள். போகவில்லை.

"இது போகாது. இது ல" என்று சொல்லிச் சிரித்தாள்.

போன முறை அவளைக் குழப்பிய அதே 'போகவில்லை'தான். இந்த முறை அவள் அதை நம்பினாள். செய்தித்தாள் கொஞ்சம் கீழே இறங்கியது.

இயந்திரத்துக்கு மேலே சுவரில் இப்போது ஒரு காலண்டர் அட்டை தொங்குகிறது. மாதம் ஒருமுறை டயல் கேஜ் வைத்து, எக்ஸ் எவ்வளவு, ஒய் எவ்வளவு என்று மாமா பென்சிலில் எழுதுகிறார். பித்தளை தேயும். ஸ்க்ரூ தளரும். எண் மெதுவாக ஏறும்போதே தெரிந்துவிடும். 0.08 தாண்டினால் நட்டைப் பார்க்க வேண்டும் என்று நாங்களாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம்.

ஊருக்குக் கிளம்பும்போது குழந்தை அடுத்த ஆர்டரையும் கொடுத்துவிட்டுப் போனாள். "அடுத்த லீவுக்கு உயிர்மெய் எழுத்தெல்லாம் வேணும் சித்தி. அப்பத்தான் எல்லாரு பேரும் எழுத முடியும்."

மாமா கணக்குப் போட்டார். "இருநூத்திப் பதினாறா? நட்டு தேஞ்சு போயிருமே அம்மிணி!" என்றார். மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போய் வந்தவர் பையில் இரண்டு நட்டு இருந்தது.